வளாகத்துக்குள் ஒரு கலை அருங்காட்சியகம்: நம்ம ஊர் வெயிலுக்கு எப்படிக் கட்டலாம்?

அமராவதிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மகள் கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் மண்ணியல் படிக்கிறாள். போன புரட்டாசியில் அவளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் பார்த்த ஒரு கட்டடம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

மனெட்டி ஷ்ரெம் கலை அருங்காட்சியகம் என்று பெயர். தற்காலக் கலைக்கானது, 2016இல் திறந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது, ஒரு பெரிய பந்தல்தான் தெரியும். வெள்ளை அலுமினியச் சட்டங்களை வரிசை வரிசையாகப் பரப்பிய பந்தல். அது மட்டும் 50,000 சதுர அடி, நம்ம கணக்கில் ஒரு ஏக்கருக்கும் மேலே. அதற்கடியில் இருக்கும் கட்டடமோ 29,000 சதுர அடிதான். அதாவது கட்டடத்தைவிட நிழல் பெரிசு! அதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தரையில் விழுந்த நிழலைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில் சட்டங்கள் நெருக்கமாக இருந்ததால் நிழல் சீப்புப் பல் மாதிரி விழுந்தது. நாலடி தள்ளி சட்டங்கள் வேறு திசைக்குத் திரும்பி இடைவெளியும் அகலமாகிறது, அங்கே வெயில் பட்டை பட்டையாகக் கிடந்தது. சட்டங்களில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, அதனால் நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இல்லாமல் மங்கலாக முடிந்தது. ஒரு மூன்று வயதுக் குழந்தை நிழல் பட்டையில் மட்டும் கால் வைத்து நடந்து பழகிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே போகவும் டிக்கெட் கிடையாது.

மகள் சொன்னாள், விமானத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வயல்கள் இப்படித்தான் தெரியுமாம். ஒரு காட்டில் உழவு சால் ஒரு பக்கம், அடுத்த காட்டில் இன்னொரு பக்கம். அதைத்தான் பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள்.

அப்போதிருந்து ஒரே யோசனை. கோவையிலோ சேலத்திலோ ஈரோட்டிலோ ஒரு கல்வி வளாகத்தில் இப்படி ஓர் அருங்காட்சியகம் கட்டினால் அது எப்படி இருக்க வேண்டும்? டேவிஸில் இருப்பதை அப்படியே கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. நம்ம வெயில், நம்ம காத்து, நம்ம கல் இதையெல்லாம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

வடக்குவெளிச்சம்

அருமையான இடத்தைத் தொட்டீர்கள் அக்கா. கோவையில் கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன், மாணவர்களுக்கு அடிக்கடி காட்டுகிற கட்டடம் இது. நியூயார்க் புரூக்ளினில் இருக்கும் எஸ்ஓ-ஐஎல் என்ற அலுவலகம் வடிவமைத்தது. ஃப்ளோரியன் இடன்பர்க், ஜிங் லியு இருவரும் நடத்துகிறார்கள். 2013இல் போட்டியில் தேர்வானது. டேவிஸ் வளாகமே பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பண்ணையாகத் தொடங்கி, 1959இல்தான் முழுப் பல்கலைக்கழக வளாகமானது. நம்ம கோவை வேளாண் கல்லூரி கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 1868இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமானது. நிலத்தைப் படிக்கிற இடத்தில் கலைக்கும் ஒரு கூரை போட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அந்நியமில்லை.

வேறு மாதிரி யோசித்த கட்டடமும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் ஸாஹா ஹதீத் கட்டிய பிராட் கலை அருங்காட்சியகம், 2012இல் திறந்தது. சுற்றிலும் பழைய செங்கல் கட்டடங்கள், நடுவில் துருப்பிடிக்காத எஃகையும் கண்ணாடியையும் புடவைக் கொசுவம் போல மடித்து மடித்து வைத்த ஒரு கட்டடம். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு திசையில் சாய்ந்திருப்பதால் நேரத்துக்கு நேரம் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். பாக்தாதில் பிறந்து, 2004இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். அவர் கையில் எஃகு துணி மாதிரி வளைந்தது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் நம்ம வெயிலில் நின்று யோசித்தால் என் மனசு டேவிஸ் பக்கம்தான் சாய்கிறது. ஹதீதின் கட்டடத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கிறோம். பந்தலுக்கடியில் உட்காருகிறோம். மாணவர்கள் தினமும் நடக்கிற வளாகத்தில் உட்கார இடம் தருவதுதான் முதல் வேலை.

கட்டடக்காரன்

பந்தல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பராமரிப்பு யார் பார்ப்பது?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வருஷம் முன்னால் ஒரு கல்லூரிக்குக் கட்டடம் கட்டும் குழுவில் இருந்தேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார்கள், அதுவும் மேற்குப் பார்த்து. வேண்டாங்க, மத்தியானத்துக்கு மேலே அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. முதல் மாசியிலேயே உள்பக்கம் திரைச்சீலை வந்தது. சித்திரையில் கண்ணாடி மேல் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். இப்போது அந்த வழியாகப் போனால் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு செலவு செய்து கட்டிய கண்ணாடிக்குப் பின்னால் பகலிலும் குழல்விளக்கு எரிகிறது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெக்ஸ்னர் கலை மையம் என்று ஒன்று, பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 1989இல் திறந்தது. சாரம் கட்டி அவிழ்க்காமல் விட்டது போல வெள்ளைக் கட்டங்கள், உலகம் முழுக்கப் பேசப்பட்ட கட்டடம். ஆனால் கூரைக் கண்ணாடி ஒழுகியது, படங்கள் தாங்க முடியாத அளவுக்கு வெயில் உள்ளே வந்தது. கடைசியில் காட்சிக் கூடங்களை 2002இல் மூடி, மூன்று வருஷம் பழுது பார்த்து, 2005இல்தான் மறுபடி திறந்தார்கள். பணமுள்ள பல்கலைக்கழகம், செய்ய முடிந்தது. நம்மிடம் ஒழுக ஆரம்பித்தால் தார்ப்பாய் போட்டு விட்டுவிடுவோம்.

பவானி ஜமக்காளம்

கட்டடம் பற்றி எனக்கு அதிகம் தெரியாதுங்க. வெளிச்சம் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

அப்பா குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்தால் பாவு நூல் மடிக்கு நேராக இருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அதில் வருகிற வெளிச்சம்தான் எல்லாம். தலைக்கு மேலே இருந்து வெளிச்சம் வந்தால் நூல் தெரியாது, பக்கவாட்டில் வந்தால்தான் ஒவ்வோர் இழைக்கும் அதனதன் நிழல் விழும், அறுந்த இழை உடனே கண்ணில் படும் என்பார். நெய்து முடித்ததை நேர் வெயிலில் போடவே விட மாட்டார். சிவப்பு முதலில் போகும், அப்புறம் பச்சை.

நம்ம பகுதியில் கலை அருங்காட்சியகம் என்றால் அதில் துணி இருக்கும், இருக்க வேண்டும். பவானியும் சென்னிமலையும் இல்லாமல் கொங்கு நாட்டில் என்ன கலை? அப்படியானால் அந்தக் கட்டடத்தில் வெளிச்சம் தறிக்குடிலில் வருகிற மாதிரி வர வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

மேகாத்து

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நான் முப்பத்திரண்டு வருஷம் மில்லில் மின்சாரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய மில்லுகளில் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சரிவாக ஓடு அல்லது ஷீட், மறுபக்கம் செங்குத்தாகக் கண்ணாடி. கண்ணாடி எப்போதும் வடக்குப் பார்த்துத்தான். நார்த் லைட் ஷெட் என்போம். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து விளக்கெல்லாம் எரிந்த பிறகும் அந்தக் கூரையை யாரும் விடவில்லை. கண் கூசாத சீரான வெளிச்சம், நூல் எண்ணிப் பார்க்கலாம்.

எத்தனையோ மில் இடித்தாகிவிட்டது. நின்று போன ஒரு மில் கொட்டகையில் போன வருஷம் ஒரு வேலையாக நுழைந்தேன். இயந்திரம் ஒன்றுகூட இல்லை, தரையில் போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும். மேலே அந்த வடக்கு வெளிச்சம் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் என்ன மாட்டினாலும் அழகாக இருக்கும் என்று அன்றைக்கே தோன்றியது. புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கூரையை ஒருமுறை பாருங்கள்.

வடக்குவெளிச்சம்

ஐயா, என் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான்! ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

வடக்கு வெளிச்சம் என்பது இங்கிலாந்துக்காரர்கள் கொண்டு வந்த கூரை. அவர்கள் ஊரில் உச்சி வெயில் வருஷம் முழுக்கத் தெற்கே நிற்கும், வடக்குக் கண்ணாடியில் மத்தியானத்தில் படவே படாது. கோவை இருப்பது வடக்கே 11 டிகிரியில். சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே வருகிறது. அதற்கப்புறம் ஆவணி முதல் வாரம் வரை உச்சி வேளையில் அது நமக்கு வடக்கேதான் இருக்கிறது. நாலு மாதம் வடக்குக் கண்ணாடியிலும் வெயில் விழும்.

பயப்பட ஒன்றுமில்லை. உச்சி நேரத்தில் அது அதிகபட்சம் பன்னிரண்டரை டிகிரிதான் சாய்கிறது. நாலடி உயரக் கண்ணாடிக்கு மேலே ஓரடி எறவாரம் நீட்டினால் மத்தியான வெயில் முழுக்கத் தடுக்கப்பட்டுவிடும். காலை, மாலை வெயில் பக்கவாட்டில் நுழையும், அதற்குச் செங்குத்துப் பலகைகள் வைக்க வேண்டும். கணக்குப் போட்டால் தீர்கிற விஷயம்தான். கணக்குப் போடாமல் அயல்நாட்டுப் படத்தைப் பார்த்து வரைவதுதான் சிக்கல்.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், துணி, காகிதம், நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. நம்ம வாசலில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஒரு லட்சத்தில் நின்றுகொண்டிருந்த ஆளை நேராக ஐம்பதுக்குள் தள்ளினால் அவருக்குக் கண் இருட்டும், படம் எதுவும் தெரியாது. சாயம் காப்பாற்றப்பட்டிருக்கும், பார்க்க வந்தவர் பார்க்காமலே வெளியே போவார்.

அமராவதிக்கரை அக்கா, டேவிஸில் உள்ளே நுழைந்தபோது கண் கூசியதா, இருட்டியதா? ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை

நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. இல்லை தம்பி, இரண்டும் இல்லை. வெயிலில் இருந்து பந்தலுக்கு, பந்தலில் இருந்து வளைந்த கண்ணாடி வைத்த முன்கூடத்துக்கு, அங்கிருந்து படங்கள் இருக்கும் அறைக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசி அறையில் நின்றபோது அது மங்கலான அறை என்றே தோன்றவில்லை.

வடக்குவெளிச்சம்

அதுதான் அந்தப் பந்தல் செய்கிற உண்மையான வேலை. கண்ணுக்குப் படிக்கட்டு.

இப்போது உங்கள் பாட்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளியே வாசல், முழு வெயில். அப்புறம் திண்ணை, எறவாரத்து நிழல். அப்புறம் ஆசாரம், அதாவது உள்கூடம். அதற்கும் உள்ளே தானியம் வைக்கிற அறை, அங்கே பகலிலேயே பாதி இருட்டு. தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் நடுவில் திறந்த முற்றமான தொட்டியில் இருந்து மறுபடி வெளிச்சம் ஏறும். வெயிலில் இருந்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அதற்கப்புறம்தான் உள்ளே போவார். அந்த இடைவேளையில் கண்ணும் பழகிவிடும், உடம்பும் ஆறிவிடும். நம்ம ஊர் அருங்காட்சியகத்துக்கு வரைபடம் ஏற்கனவே இருக்கிறது: வாசல், திண்ணை, ஆசாரம், அறை. சிற்பமும் இரும்பும் வாசலில் நிற்கட்டும், எண்ணெய் ஓவியம் ஆசாரத்தில், துணியும் காகிதமும் உள்ளறையில். ஒவ்வொரு பொருளையும் அது தாங்கும் வெளிச்சத்தில் வைத்துவிட்டால் குளிர்சாதனமும் விளக்கும் வேண்டிய இடத்துக்கு மட்டும் போதும். கட்டடம் முழுக்கக் குளிரூட்ட வேண்டியதில்லை.

சித்திரக்காரி

நான் கோபிக்காரி, கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன். இத்தனை பேர் கூரையைப் பற்றிப் பேசியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஓர் ஓவியம் எந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பள்ளியில் படிக்கும்வரை மூல ஓவியம் ஒன்றைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. எல்லாம் புத்தகத்தில் அச்சு. முதல் தடவை சென்னையில் ஒரு பெரிய எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால் நின்றபோது வண்ணம் தடிப்பாக மேடு கட்டியிருந்ததைப் பார்த்து அதிர்ந்து போனேன். தூரிகை முடி ஒன்று அந்த வண்ணத்திலேயே ஒட்டிக் காய்ந்திருந்தது. அச்சில் அது தெரியவே தெரியாது. ஒரு மனுஷர் கை இங்கே நடந்திருக்கிறது என்று அந்த முடிதான் சொன்னது. அதை கோபியிலும் அந்தியூரிலும் இருக்கிற பிள்ளைகள் பத்து வயதிலேயே பார்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். டேவிஸில் அருங்காட்சியகம் வருவதற்கு முன்னாலேயே அங்கே ஓவியத் துறை இருந்தது. ஓவியர் வேய்ன் தீபோ 1960இல் இருந்து பல வருஷம் அங்கே பாடம் நடத்தியவர். ராபர்ட் ஆர்னசன் களிமண்ணில் சிற்பம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் பெரிய கலைஞரான புரூஸ் நௌமன் அங்கே மாணவர், 1966இல் பட்டம் வாங்கினார். அருங்காட்சியகம் வந்ததோ அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. முதலில் ஆள், அப்புறம் கூடம். நம்ம வளாகங்களில் ஓவியத்துக்கு ஆசிரியர் இல்லாமல் கட்டடம் மட்டும் வந்தால், திறப்பு விழாவுக்கு அப்புறம் அதில் நாற்காலி அடுக்கி வைப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், அண்ணா அக்கா எல்லோரும்.

அமராவதிக்கரை

கண்ணு, நீ சொன்னது ரொம்பச் சரி. டேவிஸில் அந்தப் பந்தலுக்கடியில் கட்டடம் மூன்று பகுதிகளாக இருக்கிறது, அதில் ஒன்று முழுக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு. வருகிறவர்கள் உட்கார்ந்து வரையவும் செய்யவும் ஒரு பட்டறை. வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பின்கட்டில் ஒளித்து வைக்கவில்லை.

நம்ம வளாகங்களில் எனக்குப் பெரிய மனக்குறை வாசல் கதவுதான். அடையாள அட்டை கேட்பார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். காட்டு வேலை முடித்துவிட்டு ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓவியம் பார்க்க வந்தால் என்ன பதில் சொல்வாள்? டேவிஸில் அந்தக் கட்டடத்தை வளாகத்தின் ஓரத்தில், நெடுஞ்சாலைப் பக்கம், ஊர்க்காரர்கள் வருகிற வழியில் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் சாலை ஓரமாகத் தனி வாசலோடு வைக்க வேண்டும். கோவையில் வனக் கல்வி வளாகத்துக்குள் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வளாகத்துக்குள் இருப்பதை ஊர் வந்து பார்ப்பது நமக்குப் பழக்கமானதுதான். மரத்துக்கும் பூச்சிக்கும் கிடைத்த இடம் ஓவியத்துக்கும் கிடைக்கட்டும்.

கட்டடக்காரன்

இழை முழுக்க உட்கார்ந்து படித்தேன். பராமரிப்பு பற்றி நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது, ஆனால் பந்தலைப் பற்றி என் மனசு மாறிவிட்டது.

காத்துக் கணக்கைச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காத்து சாதாரணமானதல்ல. தகரக் கொட்டகை போட்டவர்களைக் கேளுங்கள், காத்து மேலே இருந்து அமுக்குவதைவிட அடியில் இருந்து தூக்குவதுதான் ஆபத்து. மூடிய கூரையாக ஒரு ஏக்கர் போட்டால் அதைப் பிடித்து வைக்கவே அடித்தளத்தில் பெரும் பணம் போகும். இடைவெளி விட்ட சட்டப் பந்தலில் காத்து ஊடாகப் போய்விடும். இரும்பும் குறையும், அடித்தளமும் குறையும். மழை உள்ளே விழும், விழட்டும். கோவைப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். கட்டடத்துக்குத் தனிக் கூரை இருக்கத்தானே போகிறது.

சட்டம் அலுமினியம்தான் வேண்டும் என்றில்லை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போதும். எந்தப் பட்டறையிலும் கிடைக்கும், பழுதானால் ஊர் வெல்டரே மாற்றித் தருவார். என் கேள்விக்கு இதுதான் பாதி பதில்: உள்ளூர் ஆள் ஏணி போட்டுக் கழற்றி மாட்ட முடியாத எதையும் கூரையில் வைக்காதீர்கள். சுவருக்குக் கருங்கல் இருக்கிறது. இரண்டடி கனத்தில் கட்டினால் பகல் வெக்கை உள்ளே வர ராத்திரி ஆகிவிடும், அதற்குள் கூடம் பூட்டியிருக்கும். துணி வைக்கும் அறைக்கு மட்டும் தரையைக் கரையானுக்குப் பார்த்துப் போட வேண்டும். மீதிப் பாதி பதில் பணம். கட்டும்போதே பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியாக வங்கியில் போட்டு வைக்காமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது.

மேகாத்து

பந்தல் வடிவத்துக்கு டேவிஸ்காரர்கள் வயலைப் பார்த்தார்கள் என்றால் நாம் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தை, கொறங்காட்டைப் பார்க்கலாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மரம் இருக்கிற இடத்தில் மாடு கூடும். நிழல் ஒரே சீராக இருக்காது, ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெட்டவெளி. அந்த அடர்த்தியையும் வெட்டவெளியையும் அப்படியே மேலே ஏற்றிச் சட்டமாக வரைந்தால் அதுதான் நம்ம பந்தல்.

பவானி ஜமக்காளம்

ஐயா சொன்னதைப் படித்ததும் பாவு விரித்த மாதிரி இருந்தது. நெருக்கம், தளர்ச்சி, மறுபடி நெருக்கம். நெய்கிறவனுக்கு அது உடனே புரியும்.

சித்திரக்காரி

சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததில் இருந்து கை சும்மா இருக்கவில்லை. தோட்டத்தில் சாளை வீட்டுக்கு முன்னால் நாலு கல்லுக்கால் இருக்கிறது, பழைய மாட்டுக் கட்டுத்தறி. அப்பாவும் நானும் அதன் மேல் மூங்கில் போட்டோம். மொத்தம் இருபத்திரண்டு. கிழக்குப் பக்கம் நாலு விரல் இடைவெளி, மேற்கே போகப் போக ஒரு சாண் வரை அகலம். மேலே ஓலை எதுவும் போடவில்லை.

நேற்று உச்சி நேரத்தில் போய் நின்று பார்த்தேன். சூரியன் நேர் மேலே, என் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. மூங்கில் நிழல் மட்டும் கோடு கோடாக மண்ணில். வரைந்து வைத்திருக்கிறேன், மாலை நாலு மணிக்கு அது எப்படிச் சாய்ந்தது என்பதையும் சேர்த்து. கணக்கு தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாயி காலையில் சாளைக்குள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் சாக்கு, முறம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்கடியில் வந்துவிட்டார். நாலு விரல் இடைவெளி விட்ட பக்கம்தான்.